பெயரில்லாக் குமிழ்கள்

நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில், இத்தாக்கா நகருக்குச் சமீபமாக, டிரூமன்ஸ்பர்க் என்றொரு சிற்றூர் உண்டு. கையால் தொடாமலே வாசிக்கப்படும் தெரமின் என்னும் மின்சார வாத்தியத்தின் உதிரிப் பாகங்களைப் பெட்டியில் அடைத்து விற்றுப் பிழைத்துக்கொண்டே, பக்கத்திலிருந்த கார்னெல் பல்கலைக்கழகத்தில் பௌதிக சம்பந்தமான டாக்டர் பட்டத்துக்கும் படித்துக்கொண்டிருந்த ராபர்ட் மோக் என்ற இளைஞர், 1964-ஆம் ஆண்டுக் கோடையில், ஹோஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தில் சங்கீதம் கற்பித்துவந்த ஹெர்பர்ட் டாய்ச் என்பவரைத் தம் பட்டறைக்கு வரவழைத்து, இருவருமாகச் சில வாரங்கள் உட்கார்ந்து செய்துபார்த்த பரீட்சைகளிலிருந்துதான், இன்று உலகெங்கும் சிந்தசைசர் என்று வழங்கும் வாத்தியத்தின் முக்கியமான ஒரு வடிவம் பிறந்தது. (அவர் பெயரை ‘மூக்’ என்று சொல்லுவோர் பலர், அவரோ ‘மோக்’ என்றே சொல்லிவந்தார். நமக்கும் அதுவே சௌகரியம், மூக்கு வேண்டாம்.)

மின்சாரத்தால் நாதம் எழுப்பும் சாதனங்கள் அதற்கு முன்பே எத்தனையோ இருந்தன. மோக் செய்தது வேறு. ஒலியின் சுருதியையும் கனத்தையும் ஏற்றி இறக்கும் வேலையை, ஒவ்வொரு தடவையும் மனிதர் கையே செய்யவேண்டும் என்றில்லாமல், ஒரு மின்னழுத்தத்தின் வசம் ஒப்படைக்கலாம் என்பதே அவர் கண்ட உபாயம். அழுத்தம் ஒரு வோல்ட் ஏறினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும்; மந்திர ஷட்ஜத்திலிருந்து மத்திய ஷட்ஜத்துக்கு ஒரு வோல்ட், அங்கிருந்து தார ஷட்ஜத்துக்கு இன்னொரு வோல்ட். அந்த வோல்ட் ஹார்மோனியக் கட்டை போன்ற விசைப்பலகையிலிருந்து வரலாம், ஒரு குமிழிலிருந்து வரலாம், அல்லது பக்கத்துப் பெட்டியில் மெல்ல அலைந்துகொண்டிருக்கும் இன்னொரு ஆஸிலேட்டரிலிருந்தே வரலாம். எங்கிருந்து வந்தது என்று வாத்தியம் கேட்பதில்லை. ஆகவே ஒலியை உண்டாக்கும் ஆஸிலேட்டர் ஒரு மாட்யூல், ஒலியை வடிகட்டும் ஃபில்டர் ஒரு மாட்யூல், அதன் கனத்தை ஆளும் ஆம்ப்ளிஃபயர் ஒரு மாட்யூல் என்று தனித்தனியே செய்து சட்டத்தில் மாட்டிவிட்டு, எதை எதனோடு சேர்ப்பது என்பதை வாசிப்பவரின் இஷ்டத்துக்கே விட்டுவிட முடிந்தது. சேர்ப்பதற்கு ஒயர்கள். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் பெண்கள் ஓர் ஊரை இன்னோர் ஊரோடு இணைக்கச் செருகிய அதே கால் அங்குலச் செருகிகள்தான் மோக்கின் பலகையிலும் செருகப்பட்டன.

இந்த வாத்தியத்தின் முகப்பை அருகில் நின்று பார்த்தால், ஒயர்க்காட்டுக்கு ஊடே ஓர் ஒழுங்கு தெரியும். ஒவ்வொரு குமிழுக்கும் அருகே, அது செய்யும் வேலை உலோகத் தகட்டில் அச்சாகியிருக்கும். குமிழுக்கு அடியில், பலகைக்குப் பின்புறம், லாட வடிவத்தில் ஒரு கரித்தடம். அதன்மேல் ஓர் உலோக நாக்கு. குமிழைத் திருகினால் நாக்கு கரித்தடத்தின்மேல் நகர்கிறது. நகர்ந்த அளவுக்கு அழுத்தம் மாறுகிறது. மாறிய கணமே நாதமும் மாறுகிறது. கைக்கும் நாதத்துக்கும் நடுவே அந்தக் கரித்தடத்தைத் தவிர வேறொரு தரகர் கிடையாது. பின்னால் வந்த அறுபது ஆண்டுச் சரித்திரம், நடுவே தரகர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்ததும், அவர்களை எழுப்பிவிட முடியாமற்போகவே அவர்களோடு சமாதானம் செய்துகொள்ளக் கை மேற்கொண்ட பிரயத்தனங்களுமாகவே எனக்குப் படுகிறது.

அதே ஆண்டு அக்டோபரில் ஒலிப்பொறியியலாளர் சங்கத்தின் மாநாட்டில் மோக் தம் மாட்யூல்களைக் காட்சிக்கு வைத்தார். நடன அமைப்பாளர் ஆல்வின் நிக்கொலாய் முதலாவதாக வாங்கிக்கொண்டார். 1968-இல் பாஹின் கிருதிகளை மோக் சிந்தசைசரில் வாசித்து வெண்டி கார்லோஸ் வெளியிட்ட இசைத்தட்டு சக்கைப்போடு போட்டது. அந்த வாத்தியம் ஒரு சமயத்தில் ஒரு ஸ்வரமே ஒலிக்கும் என்பதால் ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே பதிவு செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டியிருந்தது என்பதைக் கேட்டவர்களில் அநேகர் அறிந்திரார்.

அமெரிக்காவின் மறு கரையில், சான் பிரான்சிஸ்கோவில், டான் புக்லா என்பவர் ஏறக்குறைய அதே காலத்தில் அதே காரியத்தைச் செய்துகொண்டிருந்தார். அங்கிருந்த டேப் மியூசிக் சென்டரை நடத்திய மார்ட்டன் சுபாட்னிக்கும் ரமோன் செண்டரும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவித்தொகையிலிருந்து 500 டாலர் எடுத்துக் கொடுத்து அவரைச் செய்யச் சொன்னார்கள். புக்லாவுக்குக் கறுப்பும் வெள்ளையுமான கட்டைகள் அறவே ஆகாது. புதிய வாத்தியத்தில் பழைய கட்டைகளைப் பொருத்தினால் பழைய பாட்டுத்தான் வரும் என்ற அபிப்பிராயத்தோடு, விரல் பட்டால் உணரும் உலோகத் தகடுகளைப் பொருத்தினார். வாத்தியம் எப்படி ஒலிக்கும் என்பதைவிடக் கை அதை எங்கே தொடுகிறது என்பதுதான் முதல் கேள்வி என்று கண்டுகொண்டவர் அவர். சந்தை மோக்கின் பக்கமே சாய்ந்தது. அந்தக் கேள்வியை எழுப்பிய கீர்த்தி மட்டும் புக்லாவுக்கே உரியது. இந்தியாவும் இதில் முழுக்கத் தூரத்துப் பார்வையாளராக இருந்துவிடவில்லை என்பதை இங்கே சொல்லிவைக்க ஆசைப்படுகிறேன்: 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு ஒரு மோக் வந்து சேர்ந்தது, அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து அதை அமைத்துக் கொடுத்தார், கீதா சாராபாய் முதலானோர் அதில் வாசித்துப் பதிவு செய்த நாடாக்கள் பல்லாண்டு மறதிக்குப் பின் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்திருக்கின்றன.

இவர்கள் எல்லாருக்கும் முன்னதாக, கைக்கு இடமே கொடாத இன்னொரு மார்க்கத்தில் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். நியூஜெர்சியில் பெல் டெலிபோன் ஆய்வுக்கூடத்தில் பொறியியலாளராயிருந்த மாக்ஸ் மாத்யூஸ், 1957-இல் ஐபிஎம் 704 என்ற பிரம்மாண்டமான கம்ப்யூட்டருக்கு ஒரு கட்டளைத் தொகுதி எழுதி, 17 வினாடிகளே நீடித்த ஒரு சிறு உருப்படியை அதனால் ஒலிக்கச் செய்தார். அவர் பின்னர் எழுதிய தொகுதிகளில், ஆஸிலேட்டர் முதலியவை சிறு சிறு எழுத்துருவ அலகுகளாக இருந்தன. ஒன்றின் விளைவை இன்னொன்றுக்குள் பாய்ச்சலாம். மோக் தகட்டிலும் கம்பியிலும் செய்யப்போவதை மாத்யூஸ் எழுத்திலே முன்கூட்டியே செய்துவிட்டார் என்றே சொல்லவேண்டும். ஆனால் ஒரு வினாடி நாதத்துக்கான எண்களைக் கணக்கிட அந்த யந்திரத்துக்கு அதைவிட எத்தனையோ மடங்கு நேரம் பிடித்தது. எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும்; தப்பு நேர்ந்திருந்தால் திருத்திக் கொடுத்து மறுபடி காத்திருக்கவேண்டும். தம்பூராவின் பிருடையை இன்று திருகி, சுருதி சேர்ந்ததா என்று நாளைக்குக் கேட்பது போன்ற விபரீதம் அது.

மாத்யூஸே இதை நன்கு உணர்ந்திருந்தார். 1960-களின் முடிவில், ரிச்சர்ட் மூரோடு சேர்ந்து அவர் அமைத்த ‘குரூவ்’ என்னும் ஏற்பாட்டில், நாதத்தை எழுப்பும் பொறுப்பு வோல்ட்டுகளுக்குக் கட்டுப்பட்ட சாதனங்களுக்கே போயிற்று. கம்ப்யூட்டர் செய்ததெல்லாம் மனிதர் கை குமிழ்களையும் ஒரு நெம்புகோலையும் எப்படி எப்படி அசைத்தது என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு, திருத்த வேண்டிய இடத்தில் திருத்தவிட்டு, திரும்பவும் அசைத்துக் காட்டியதுதான். நாதத்தின் அதிர்வோ வினாடிக்கு ஆயிரக்கணக்கில். மனிதர் கையோ மந்தமான ஜந்து. அதன் அசைவை வினாடிக்கு நூறு இருநூறு தடவை அளந்தால் போதும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு எட்டக்கூடிய வேகம் அது. வேகத்தின் பின்னாலேயே எல்லாரும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், கையின் மந்தத்தையே ஒரு சௌகரியமாக எடுத்துக்கொண்ட இந்த யுக்தியை எண்ணி எண்ணி நான் வியந்திருக்கிறேன். குமிழும் கம்ப்யூட்டரும் முதன்முதலாகக் கைகோத்த இடம் என்று ஒன்றைச் சுட்டவேண்டுமானால், இதைத்தான் சுட்டுவேன்.

1983-ஆம் ஆண்டு வந்தது. அந்த ஜனவரியில் அமெரிக்க வாத்திய வியாபாரிகளின் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் கம்பெனியின் வாத்தியம் ஒன்றும் ஜப்பானிய ரோலண்ட் கம்பெனியின் வாத்தியம் ஒன்றும் ஒரே கேபிளால் பிணைக்கப்பட்டு, ஒன்றில் வாசித்தது மற்றதில் ஒலித்தது. டேவ் ஸ்மித், இகுதாரோ காகெஹாஷி ஆகியோரின் முயற்சியால், போட்டிக் கம்பெனிகள் கூடி ஏற்றுக்கொண்ட ‘மிடி’ என்னும் பொதுமொழி அது. வியாபாரப் பகையை விட்டு இப்படி ஒரு மொழிக்கு உடன்பட்ட சம்பவங்கள் யந்திர உலகில் அதிகம் இல்லை. அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிட்டே மேலே செல்லுகிறேன். ஏனெனில் குமிழைப் பொறுத்தவரையில் அந்த மொழி ஒரு பெரிய தரகரைக் கொண்டுவந்தது. குமிழிலிருந்து இனி வோல்ட் போகாது. ஒரு கடிதம் போகும். ‘இத்தனையாம் எண்ணுள்ள குமிழ் இப்போது இத்தனையாம் படியில் நிற்கிறது’ என்று மூன்று பைட்டுகளில் எழுதிய கடிதம். வினாடிக்கு 31,250 பிட்டுகள் செல்லும் அந்தக் கேபிளில் அது போய்ச்சேர ஏறக்குறைய வினாடியில் ஆயிரத்திலொரு பங்கு ஆகும். அது பெரிய தாமதமன்று. சங்கடம் படியில் இருந்தது. படிகள் மொத்தம் 128.

இது போதாதா என்று கேட்பவர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். காதுக்கு எட்டும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான எல்லை சுமார் பத்து ஸ்தாயி. ஸ்தாயிக்குப் பன்னிரண்டு ஸ்வரஸ்தானம் வீதம் 120 ஸ்வரஸ்தானங்கள். ஃபில்டரை அந்த எல்லை முழுவதும் ஒரு குமிழால் நகர்த்தவேண்டுமானால், ஒரு படிக்கு ஏறக்குறைய ஒரு ஸ்வரஸ்தானம் விழுகிறது. கரித்தடத்தின்மேல் வழுக்கிச் சென்ற நாதம் இங்கே மாடிப்படியில் தடதடவென்று ஏறும். வீணையில் தந்தியை இழுத்து ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியிலே காட்டப்படும் அத்தனை சௌந்தரியமும் அந்த இரண்டு படிகளுக்கு நடுவில் விழுந்து மறைந்துவிடும். இரண்டு எண்களைச் சேர்த்து 16,384 படிகள் ஆக்கிக்கொள்ளும் வழியும் அந்த மொழியிலேயே இருந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் குறைவு. 2020-இல் வந்த இரண்டாம் மிடி இக்குறையை இலக்கணத்தளவில் தீர்த்துவிட்டது.

அதே 1983-இல் யமஹா கம்பெனி வெளியிட்ட டிஎக்ஸ்7 என்னும் வாத்தியத்தில் குமிழே இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட அளவைகளை மாற்றியமைக்கலாம்; ஆனால் அவற்றுள் ஒன்றை ஒரு பொத்தானால் தேர்ந்தெடுத்து, அதற்கென்று இருக்கும் ஒரே ஒரு ஃபேடரால் (மேலும் கீழும் தள்ளும் விசையால்) அதை நகர்த்தி, இரண்டு வரிச் சிறு திரையில் எண்ணைப் பார்த்துக்கொள்ளவேண்டும். குமிழ் என்பது செலவு, சில்லு மலிவாகிக்கொண்டிருந்தது, கம்பெனிகள் சேமிக்கத் துணிந்த இடம் எது என்று சொல்லவேண்டியதில்லை. ரோலண்ட் இன்னும் சாமர்த்தியமாக, குமிழ்களையெல்லாம் வாத்தியத்திலிருந்து பிடுங்கித் தனிப்பெட்டியில் வைத்துத் தனிவிலைக்கு விற்றது. ஜேஎக்ஸ்-3பி என்ற வாத்தியத்தை வாங்கியவர், அதற்கான பிஜி-200 என்ற குமிழ்ப்பெட்டியையும் வாங்கி, அடியிலுள்ள காந்தத்தால் வாத்தியத்தின் தலையிலேயே ஒட்டவைத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளையை அனுப்பிவிட்டு அவர் கைகளைப் பின்னால் பார்சலில் அனுப்பியதற்கு ஒப்பான காரியம்தான். ஆயினும் நம் கதைக்கு அது அவசியமான அத்தியாயம். வாத்தியம் ஓரிடத்திலும் குமிழ் ஓரிடத்திலும் இருக்கலாம் என்று கை அங்கேதான் பழகிக்கொண்டது.

பழகிக்கொண்ட கைக்குச் சீக்கிரமே வேலை வந்தது. பாரிஸில் இர்காம் ஆய்வுக்கூடத்தில் மில்லர் பக்கெட் எழுதி, மாக்ஸ் மாத்யூஸைக் கௌரவித்தே ‘மாக்ஸ்’ என்று பெயரிடப்பட்ட மென்பொருளும், பெர்லினிலிருந்து ரியாக்டர், ஸ்வீடனிலிருந்து ரீசன் என்ற மென்பொருள்களும் வந்தபின், மாட்யூல்களும் ஒயர்களும் திரைக்குள் சித்திரங்களாகக் குடியேறின. இவற்றுக்கிடையே, 1990-களின் பிற்பகுதியில் ஸ்வீடனின் கிளாவியா கம்பெனி செய்த நார்ட் மாட்யூலரைத் தனியே சொல்லவேண்டும். மாட்யூல்களைக் கம்ப்யூட்டர் திரையில் வரைந்து இணைக்கவேண்டும். நாதம் வருவது பக்கத்திலிருக்கும் சிவப்புப் பெட்டியிலிருந்து. அந்தப் பெட்டியில் 18 குமிழ்கள். அவற்றுக்கென்று சொந்த வேலை கிடையாது. திரையில் வரைந்த எதை வேண்டுமானாலும் எந்தக் குமிழுக்கும் கொடுக்கலாம். தகட்டில் அச்சாகியிருந்த பெயர் போய், குமிழுக்கு எண் மட்டும் மிஞ்சிற்று. மியூனிக்கை அடுத்த கிரேஃபெல்ஃபிங்கில் டீட்டர் டோப்ஃபர் என்பவரோ 64 குமிழ்களை ஒரே பெட்டியில் வரிசையாக நட்டு, அதற்கு ‘டிரேபாங்க்’ என்று பெயர் வைத்தார். ஜெர்மன் மொழியில் கடைசல் யந்திரத்துக்குப் பெயர் அது. திருகுகிற பொருள்களின் வரிசை என்றும் அதைப் பிரித்துப் படிக்கலாம். அவரே 1990-களின் நடுவில் ‘யூரோராக்’ என்ற சிறிய அளவு மாட்யூல்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்து, மறைந்துபோகவிருந்த உண்மையான ஒயர்க்காட்டுக்கும் மறுஜன்மம் கொடுத்தவர் என்பது இந்தச் சரித்திரத்தின் விசித்திரங்களில் ஒன்று.

அந்த யூரோராக்கைத் திரையில் அப்படியே சித்திரித்த மென்பொருளை 2017 செப்டம்பரில் ஆண்ட்ரூ பெல்ட் என்பவர் விசிவி ராக் என்ற பெயரில் இலவசமாகவே வெளியிட்டார். பலரும் எழுதிச் சேர்த்து இன்று அதற்கு ஆயிரக்கணக்கான மாட்யூல்கள் உண்டு. தொங்கும் ஒயர்கள் தத்ரூபமாக வளைந்து தொங்குகின்றன. அதில் என் மனத்தைக் கவர்ந்தது வேறொரு சங்கதி. உள்ளே ஓடுவன வெறும் எண்கள். வோல்ட் என்று ஒன்று அங்கே இல்லை. ஆயினும் பூஜ்ய வோல்ட் என்றால் பியானோவின் நடு ‘ஸி’, ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி என்று, டிரூமன்ஸ்பர்க் பட்டறையின் சட்டமே அங்கும் நடைமுறையில் இருக்கிறது. ராஜ்யம் போனபின்பும் நாணயம் செல்லுபடியாகிறது.

திரையிலுள்ள குமிழைத் திருகுவது எவ்வாறு? மவுஸின் அம்பை அதன்மேல் வைத்து, அழுத்திப் பிடித்து, மேலே இழுக்கவேண்டும். வட்டமாகத் திரும்பும் பொருளை நேர்கோட்டில் இழுத்துத் திருப்புவது ஒரு வேடிக்கை என்றால், பத்து விரலுள்ளவருக்கு ஒரே அம்பு என்பது தண்டனை. ஒரு கையால் ஃபில்டரைத் திறந்துகொண்டே மறுகையால் கனத்தைத் தணிப்பது சிந்தசைசர் வாசிப்பவருக்கு மூச்சு விடுவது போன்றது. அது திரையில் நடவாது.

இதற்கு மிக நூதனமான பதில், பார்சிலோனாவில் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. செர்ஜி ஜோர்தா முதலான நால்வர் 2003-இல் தொடங்கிச் செய்த ‘ரியாக்டபிள்’ என்பது பார்வைக்கு ஒரு வட்ட மேஜை. மேற்பலகை ஒளி ஊடுருவுவது. அடியில் ஒரு காமிராவும் ஒரு ப்ரொஜெக்டரும் ஒளிந்திருக்கின்றன. கையிலெடுத்து வைக்கத்தக்க கட்டைகள் பல. ஒவ்வொன்றின் அடிப்புறத்திலும் கோலம் போன்றதொரு குறி. ஒரு கட்டையை மேஜையில் வைத்தால், காமிரா குறியைப் பார்த்து ‘இது ஆஸிலேட்டர்’ என்று அறிந்துகொள்ளுகிறது, நாதம் எழுகிறது, கட்டையைச் சுற்றிலும் ஒளிவட்டம் படர்கிறது. இன்னொரு கட்டையை அருகே நகர்த்தினால், ஒயர் எதுவும் இல்லாமலே, ஒளிக்கீற்று ஒன்று இரண்டையும் இணைக்கிறது. தூர இழுத்தால் அறுந்துபோகிறது. கட்டையைத் திருகினால் சுருதி மாறுகிறது. மாட்யூலும் குமிழும் ஒயரும் ஒரே பண்டமாகிவிட்ட இந்த மேஜையை, பியர்க் என்ற ஐஸ்லாந்துப் பாடகி 2007-இல் தம் கச்சேரிகளுக்கு எடுத்துச் சென்றபோது உலகம் திரும்பிப் பார்த்தது. நாதத்தை உள்ளே கணக்கிட்டது மில்லர் பக்கெட் எழுதிய இன்னொரு மென்பொருள். எல்லார் வீட்டிலும் வைக்கத்தக்க மேஜை அன்று அது.

வீட்டில் வைக்கத்தக்கது எளிய ரூபத்தில் வந்தது. 2006-இல் பிரையன் கிராப்ட்ரீ, கெல்லி கெய்ன் இருவரும் அமெரிக்காவில் செய்துவிற்ற ‘மோனோம்’ என்ற பெட்டியில் எட்டுக்கு எட்டாக 64 பொத்தான்கள் இருந்தன. ஒன்றின்மேலும் ஓர் எழுத்துக்கூட இல்லை. பொத்தானை அழுத்தினால் அதற்கடியிலுள்ள விளக்கு எரியும் என்ற உத்தரவாதமும் இல்லை. அழுத்தியதை மென்பொருளுக்குச் சொல்வது பெட்டியின் வேலை, எந்த விளக்கை ஏற்றுவது என்பது மென்பொருளின் இஷ்டம். அதன் பின்னர், கன்ட்ரோலர் எனப்படும் இத்தகைய பெட்டியையே மாட்யூல்களாகத் துண்டித்துவிடும் யோசனை பரவிற்று. ஹங்கேரியின் இன்டெக் ஸ்டூடியோ விற்கும் உள்ளங்கை அகலச் சதுரங்களில், ஒன்றில் 16 குமிழ்கள், ஒன்றில் 16 பொத்தான்கள், ஒன்றில் குமிழும் பொத்தானும் ஃபேடரும் நந்நான்கு. பக்கங்களில் காந்தம். அருகில் கொண்டுபோனால் தாமே ஒட்டிக்கொண்டு, ஒரே யுஎஸ்பி கேபிளால் கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்லும். திரைக்குள் மாட்யூல்களை இஷ்டப்படி அடுக்குகிறவர், அவற்றை ஆளும் குமிழ்களையும் மேஜையில் அவ்வாறே அடுக்கிக்கொள்ளலாம்.

பெயரில்லாத குமிழுக்கு ஒரு பிணி உண்டு. ஒரு பேட்சை, அதாவது மாட்யூல்களை ஒயர்களால் சேர்த்துவைத்த ஓர் அமைப்பை, மூடி இன்னொன்றைத் திறக்கும்போது, திரையிலுள்ள குமிழ் பாதியில் நிற்கும். மேஜையிலுள்ளதோ பழையபடி முழுவதும் திரும்பி நிற்கும். தொட்டதும் நாதம் ஒரு துள்ளலில் உச்சிக்குப் போகும். கை வந்து திரையின் இடத்தைக் கடக்கும்வரை மென்பொருள் அதைப் பொருட்படுத்தாமல் இருப்பது ஒரு பரிகாரம். முடிவில்லாமல் சுற்றும் குமிழைப் பொருத்தி, அதைச் சுற்றி விளக்கு வளையம் வைத்து, இடத்தைக் காட்டுவது இன்னொன்று. மோட்டார் வைத்து ஃபேடரைத் தானே நகரச் செய்வது மூன்றாவது. கண்ணுக்கு விருந்து, பணப்பைக்குச் சோதனை.

என் தமக்கை மகனின் மேஜையில் இப்படி ஒரு பெட்டி இருக்கிறது. நாலு வரிசையில் குமிழ்கள். விசிவி ராக்கில், திரையிலுள்ள குமிழை ஒரு தடவை சொடுக்கிவிட்டு மேஜையிலுள்ளதைச் சற்றே அசைத்தால், அன்று முதல் இது அதற்கு என்று முடிச்சு விழுந்துவிடும். முடிச்சை நினைவில் வைத்துக்கொள்ள, ஒவ்வொரு குமிழின் கீழும் மாஸ்கிங் டேப்பில் சிறு துண்டு கிழித்து ஒட்டி, பென்சிலால் எழுதிவைப்பது அவன் வழக்கம். தகட்டில் அச்சடித்த மோக்கின் எழுத்துகள் இந்தப் பென்சில் எழுத்தில் வந்து நிற்கின்றன. சென்ற மாதம் நான் போயிருந்தபோது துண்டுகள் ஒன்றையும் காணோம். வேறொரு பேட்சுக்காக அவற்றைப் பிய்த்தவன், பழையதைத் திறந்துவிட்டு, எது எதற்கு என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தான். திரையில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கலாமே என்றேன். “அதுக்குத் திருகிப் பார்க்கறதே சுலபம், மாமா” என்றான்.

முதல் குமிழைத் திருகினான்; ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதில் எங்கோ ஓர் எதிரொலி சற்று நீண்டது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, பிருடையைத் திருகும் வித்வானைப் போல ஒவ்வொன்றையும் மிகச் சிறிதாகத் திருகிக் கேட்டான். மூன்றாம் வரிசையில் கடைசிக் குமிழைத் தொட்டபோது, அதுவரை மூடிக்கிடந்த நாதம் கும்மென்று திறந்துகொண்டது. “ஃபில்டர்” என்று சொல்லி, விரலை அதன்மேலிருந்து எடுக்காமலே, இடக்கையால் டேப் சுருளைத் தேடினான்.